ஒரு பக்கம் மட்டும் சுழலும் வளையம்

சுழியோடிகளுக்கென்று செய்யப்படும் கைக்கடிகாரங்களின் கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம் பொருத்தப்பட்டிருக்கும். பன்னிரண்டு மணி நிற்கும் இடத்தில் ஒரு முக்கோணம். அதிலிருந்து 10, 20, 30, 40, 50 என்று நிமிட எண்கள். இரு விரல்களாற் பற்றித் திருகினால் 'கிரிக் கிரிக்' என்ற ஒலியோடு இடஞ்சுழியாக, அதாவது முட்கள் செல்லும் திசைக்கு எதிராகச் சுழலும். மறுபக்கம் திருக முயன்றால் அசைந்து கொடாது. 1980களில் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய நம்மவர் பலரது கைகளில் இத்தகைய சீக்கோ கடிகாரங்களைக் கண்டிருக்கிறேன். கடலில் முழங்காலளவுக்கு மேல் இறங்கியறியாதவர்களும் அவ்வளையத்தைத் திருகித் திருகி ஒலி கேட்டு மகிழ்வார்கள். அது ஏன் ஒரு பக்கம் மட்டும் சுழல்கிறது என்பதைப் பலர் யோசித்ததில்லை. பழுதாகிவிட்டது என்று எண்ணித் திருத்துபவரிடம் கொண்டுபோனவர்களும் உண்டு.

ஆங்கிலத்தில் இதனை 'பெசல்' என்பார்கள். இக்கட்டுரையில் சுழல் வளையம் என்றே குறிப்பிடுகிறேன். ஒரு நல்ல சுழல் வளையத்தின் இலக்கணம் என்ன என்பதே இங்கு எனது கேள்வி. பளபளப்பு, ஒலி, விலை ஆகியவற்றை விற்பனையாளர்கள் பேசிக்கொள்ளட்டும். என்னைப் பொறுத்தவரை, அவ்வளையம் தவறு செய்ய நேர்ந்தால் எந்தப் பக்கமாகத் தவறு செய்யும் என்பதே முதற் பரீட்சை. இந்த எளிய கேள்விக்கு உலகின் தேர்ந்த கடிகாரக்காரர்கள் ஒரே விடையை வந்தடைய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எடுத்தன. அந்த முப்பது ஆண்டுகளின் கதை சுவையானது.

வியப்பு என்னவென்றால், இவ்வளையம் முதலில் விமானிகளுக்காகவே உருவாக்கப்பட்டது. 1920களின் இறுதியில் பிலிப் வான் ஹோர்ன் வீம்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி விமான வழிகாட்டலில் ஈடுபட்டிருந்தார். அத்திலாந்திக்கைத் தனியே கடந்த சார்ள்ஸ் லின்ட்பேர்க்குக்கு வழிகாட்டற் கலையைக் கற்பித்தவர் இவரே. நட்சத்திரங்களை அளந்து இருப்பிடத்தைக் கணிக்கும் முறையில், கடிகாரம் நான்கு செக்கன் பிழைத்தாற் பூமத்தியரேகையில் ஒரு கடல் மைல் பிழைக்கும். அக்காலக் கைக்கடிகாரங்களிற் செக்கன் முள்ளை நிறுத்தி வானொலி நேரத்துடன் பொருத்துவது எளிதன்று. வீம்ஸ் கண்ட உபாயம் எளிமையானது: முள்ளை நகர்த்த முடியாவிட்டால் முள்ளுக்குக் கீழேயுள்ள அளவுகோலை நகர்த்திவிடு. லோன்ஜின் நிறுவனம் அதனைக் கடிகாரமாக்கியது. 1935இல் வீம்ஸுக்குக் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய காலத்திற் பிரித்தானிய விமானப்படைக்கு வழங்கப்பட்ட இவ்வகைக் கடிகாரங்களில், வளையம் தானாகச் சுழன்றுவிடாதபடி பூட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு திருகும் இருந்தது. தற்செயலாக அசைந்த அளவுகோல், அளவுகோல் இல்லாமையிலும் பார்க்க ஆபத்தானது என்பதை விமானிகள் அப்போதே அறிந்திருந்தனர். கடலுக்குள் இறங்கியவர்கள் அதனை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

கடலுக்குள் நேரம் ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்பதைச் சற்று விளக்க வேண்டும். மன்னார்ச் சலாபத்தில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் காலிற் கட்டி இறங்கி, ஒரே மூச்சிற் சிப்பிகளை அள்ளிக்கொண்டு கயிற்றை அசைத்து மேலே வந்தவர்கள். அவர்களுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை; நெஞ்சாங்கூடே கடிகாரம். மூச்சு முட்டினால் நேரம் முடிந்தது என்று பொருள். 1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் உருவாக்கிய 'அக்குவாலங்' என்னும் சுவாசக் கருவி இந்த இயற்கை எச்சரிக்கையை இல்லாமற் செய்துவிட்டது. முதுகிற் சுமந்த சிலிண்டரிலிருந்து காற்று தாராளமாக வருகிறது. உடல் எந்த அவசரத்தையும் உணர்வதில்லை. ஆனால் இரண்டு கணக்குகள் மறைவில் ஓடிக்கொண்டேயிருக்கின்றன.

முதலாவது, காற்றுக் கணக்கு. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்திலுள்ளதைப்போல் இரு மடங்கு. முப்பது மீற்றரில் நான்கு மடங்கு. மேலே ஒரு மணித்தியாலம் போதுமான காற்று முப்பது மீற்றரிற் கால்மணி நேரம் வராது. ஆரம்ப காலச் சுழியோடிகள் பலரிடம் சிலிண்டரில் எவ்வளவு காற்று எஞ்சியிருக்கிறது என்று நீருக்கடியிற் காட்டும் மானி இருக்கவில்லை. ஆகவே கைக்கடிகாரமே அவர்களது எரிபொருள் மானி.

இரண்டாவது, நைதரசன் கணக்கு. அழுத்தத்தின் கீழ் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. அதிக நேரம் தங்கிவிட்டுச் சடுதியாக மேலெழுந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல அது குமிழ்களாக வெளிவரும். மூட்டுக்களிற் குமிழ் தங்கினால் வலி. முள்ளந்தண்டில் தங்கினால் முடக்கம். சில வேளை மரணம். படிப்படியாக மேலெழுவதன் விதிகளை ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்ற பிரித்தானிய விஞ்ஞானி ஆடுகளை வைத்துப் பரிசோதித்து, 1908இல் சகாக்களுடன் வெளியிட்டார். பின்னாளில் அமெரிக்கக் கடற்படை வகுத்த அட்டவணையே உலகெங்கும் சுழியோடிகளின் வேதமாயிற்று. இடையில் நிற்காமல் நேரே மேலே வரக்கூடிய கால எல்லையாக அவ்வட்டவணை தந்த அளவுகள் இவை: 60 அடி ஆழத்தில் 60 நிமிடம், 90 அடியில் 30 நிமிடம், 100 அடியில் 25, 130 அடியில் வெறும் 10 நிமிடம். ஆழம் கூடக்கூட நேரம் எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறது என்பதைக் கவனியுங்கள். 130 அடியில் ஐந்து நிமிடத் தவறு என்பது அனுமதிக்கப்பட்ட நேரத்தில் அரைவாசி.

இலங்கைக்கும் இக்கருவி காலந்தாழ்த்தாமல் வந்து சேர்ந்தது. 1956இல் இங்கு வந்த ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் அக்குவாலங்குடன் நம் கடல்களில் இறங்கினர். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய திருக்கோணேஸ்வரத்தின் எச்சங்களைத் திருகோணமலைக் கடலடியில் வில்சன் கண்டதும் அக்காலத்திற்றான். அது தனியே எழுதப்பட வேண்டிய கதை. மீண்டும் வளையத்துக்கு வருவோம்.

சுவிற்சர்லாந்தின் பிளாங்பான் நிறுவனத்தை 1950இலிருந்து நிருவகித்தவர் ஜோன்-ஜாக் பீஷ்டர். அந்நிறுவனத்தை அதற்கு முன் நடத்தியவர் அவரது அத்தை பெற்றி பீஷ்டர். ஆண்களின் கோட்டையாகவிருந்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் ஒரு பெண் நிறுவனத் தலைவியாக விளங்கியது அக்காலத்தில் அபூர்வம். மருமகன் பீஷ்டர் ஒரு சுழியோடி. அத்தோடு வரலாற்று ஆர்வலர், பின்னாளில் நாவலாசிரியர். பிரான்சின் தென்கரையில் ஒருமுறை நேரத்தைக் கவனியாமல் ஆழத்தில் இருந்துவிட்டு, காற்றுத் தீர்ந்து உயிர்தப்பி மேலே வந்தார். எத்தனை நிமிடம் கீழே இருந்தோம் என்பதைத் தலையில் வைத்திருக்க முடியாது, கையில் வைத்திருக்க வேண்டும் என்று அவர் உணர்ந்தது இவ்வாறுதான்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1952இல், பிரெஞ்சுப் படையிற் போர்ச் சுழியோடிகளின் பிரிவொன்று அமைக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பாகவிருந்த கப்டன் ரொபேர் மலூபியே, போர்க்காலத்தில் பிரித்தானிய இரகசியச் சேவைக்காகப் பிரான்சினுள் பரசூட்டிற் குதித்தவர். அவரும் லெப்டினன்ட் குளோட் ரிபோவும் தங்களது ஆட்களுக்கு வேண்டிய கடிகாரத்தின் இலக்கணத்தை எழுதினர்: கறுப்பு முகப்பு, இருளில் ஒளிரும் பெரிய குறிகள், முகப்பிலுள்ள குறிகளையே எதிரொலிக்கும் சுழல் வளையம். பிரெஞ்சு நிறுவனமொன்று அதில் அக்கறை காட்டாமற்போக, அவர்கள் பீஷ்டரிடம் வந்து சேர்ந்தனர். 1953இல் பிறந்தது 'பிஃப்டி பாதம்ஸ்'. நம் கடற்றொழிலாளர் மொழியிற் சொல்வதானால் 'ஐம்பது பாகம்'. ஏறத்தாழ 91 மீற்றர்.

அக்கடிகாரத்தின் வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதனை அப்படியே பிடித்துத் திருக முடியாது. கீழ்நோக்கி அழுத்தினாற்றான் சுழலும்; கையை எடுத்தாற் பூட்டிக்கொள்ளும். பாறையிலோ படகின் விளிம்பிலோ உரசினால் அசையாது. பீஷ்டர் இதற்குக் காப்புரிமை பெற்றார். வளையத்தின் மேற்பரப்பு பேக்லைற்றால் மூடப்பட்டது. அதற்குக் கீழே ஒளிரும் குறிகள் பதிக்கப்பட்டன. கலங்கிய நீரில், இருளில், முக்கோணமும் நிமிட முள்ளும் இரண்டும் ஒளிர்ந்தாலன்றி வளையத்தாற் பயனில்லை. இதை முதலிலேயே உணர்ந்தவர்கள் இரவுநேர நாசவேலைக்குப் பயிற்றப்பட்ட போர்ச் சுழியோடிகள் என்பதில் வியப்பில்லை.

அதே 1953இல் சோடியாக் நிறுவனத்தின் 'ஸீ வுல்ஃப்' வந்தது. றோலெக்ஸ் உருவாக்கிய 'சப்மறீனர்' 1954இல் பாசல் சந்தையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. எது முதலாவது என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் 'முதன்முதலாக' என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு ஐயம் வரும், அச்சண்டையை விட்டுவிடுகிறேன். நமக்கு வேண்டியது வேறொன்று. ஆரம்ப கால சப்மறீனரின் வளையம் உராய்வினால் மட்டுமே நின்றது. பூட்டும் இல்லை, பற்களும் இல்லை. இரு பக்கமும் சுழலும்.

அதிலுள்ள ஆபத்தை ஒரு கணக்காற் காட்டலாம். நீரில் இறங்கும்போது சுழியோடி முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைக்கிறார். அதன் பிறகு நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதுவே கழிந்த நேரம். 100 அடி ஆழம். எல்லை 25 நிமிடம். இடையில் ஏதோ ஒன்றிற் கை உரசி வளையம் வலஞ்சுழியாக ஐந்து நிமிட அளவு நகர்ந்துவிடுகிறது. முக்கோணம் முள்ளை நெருங்கிவிட்டதால், உண்மையில் 25 நிமிடம் கழிந்திருக்க, கடிகாரம் 20 என்று காட்டும். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று அவர் நம்புவார். அதே வளையம் இடஞ்சுழியாக நகர்ந்திருந்தால்? 20 நிமிடம் கழிந்திருக்க, 25 என்று காட்டும். அவர் ஐந்து நிமிடம் முந்தியே மேலே வருவார். நட்டம் ஐந்து நிமிடக் காட்சி மட்டும்.

ஆக, ஒரே தவறு ஒரு திசையிற் சிரமம், மறு திசையில் மரணம். இதனை அறிந்த பின் வளையத்தை வலப்பக்கம் சுழலவிடாமற் செய்துவிடுவதுதானே அறிவு? இன்று நமக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. ஆனால் 1950களிலும் 1960களிலும் பலரும் வேறு வழிகளிலேயே முயன்றனர்.

சிலர் பற்றுக்கோட்டைப் பெரிதாக்கினர். பிரித்தானியக் கடற்படைக்காக 1950களின் பிற்பகுதியில் மாற்றியமைக்கப்பட்ட சப்மறீனர்களின் வளையம், கையுறை அணிந்த கையாலும் பிடிக்கத்தக்கதாக அகலமாக்கப்பட்டது. சுழற்றுவது எளிதாயிற்று; தற்செயலாகச் சுழல்வதும் எளிதாயிற்று என்பது எனது எண்ணம். சிலர் வளையத்தையே கண்ணாடிக்குள் கொண்டுபோய் வைத்தனர். 'சுப்பர் கொம்பிரசர்' எனப்பட்ட கடிகாரக் கூடுகளில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று நேரத்துக்கு, மற்றையது உள்வளையத்துக்கு. உள்வளையம் எதிலும் உரசாது. முள்ளுக்கு அருகிலேயே இருப்பதாற் சாய்த்துப் பார்த்தாலும் பிழையாக வாசிக்க நேராது. ஆனால் கூட்டில் மேலும் ஒரு துளை. நீர் புகுவதற்கு மேலும் ஒரு வாசல். தடித்த கையுறையோடு அச்சிறு திருகைச் சுழற்றுவதும் இலேசான காரியமன்று.

அமெரிக்கக் கடற்படை 1961இல் எழுதிய இராணுவ விதிமுறை பூட்டும் வளையத்தையே கேட்டது. பிளாங்பான் முறைக்கு இது பெரும் அங்கீகாரம் எனலாம். ஆயின் அமெரிக்கப் பொருட்களையே வாங்க வேண்டும் என்ற 1933ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. அலன் டோர்னெக் என்ற நியூயோர்க் இறக்குமதியாளர் அக்கடிகாரத்தையே 'டோர்னெக்-றேவில்' என்ற பெயரில் வழங்கி அந்த முட்டுக்கட்டையைத் தாண்டினார். சட்டங்கள் எங்கும் ஒன்றுதான் போலும்.

மிகத் துணிவான முயற்சி டொக்ஸா நிறுவனத்தினுடையது. 1967இல் வந்த 'சப் 300டி' செம்மஞ்சள் முகப்பினாற் பெயர் பெற்றது. முகப்பிலும் பார்க்க அதன் வளையமே என்னை ஈர்க்கிறது. அதில் இரண்டு அளவுகோல்கள்: உள்ளே நிமிடங்கள், வெளியே அடிக்கணக்கில் ஆழங்கள். மேலே நான் தந்த அமெரிக்கக் கடற்படை அட்டவணை அப்படியே வளையத்தில் ஏற்றப்பட்டிருந்தது. 60 அடி என்ற குறி 60 நிமிடத்துக்கு நேரேயும், 100 அடி என்ற குறி 25 நிமிடத்துக்கு நேரேயும் நிற்கும். முக்கோணத்தை நிமிட முள்ளிற் பொருத்திவிட்டு இறங்கு; முள் உனது ஆழத்தைத் தொடும்போது மேலே வா. கணக்கும் வேண்டாம், மனப்பாடமும் வேண்டாம். கூஸ்தோவின் கடலடி வீட்டில் 1962இல் அல்பேர் பல்கோவுடன் ஒரு வாரம் தங்கியிருந்த குளோட் வெஸ்லி இக்கடிகாரத்தின் உருவாக்கத்திற்குத் துணை நின்றார். ஆழத்தில் மனிதனின் புத்தி மந்தமாகும், கூட்டல் கழித்தல் தவறும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்களாலேயே இத்தகைய யோசனையைச் செய்ய முடியும். இதிலும் ஒரு குறை உண்டு. அன்றைய முதலாவது இறக்கத்துக்கு மட்டுமே அக்கணக்குப் பொருந்தும். காலையில் ஒருமுறை இறங்கியவரின் உடலில் எஞ்சியிருக்கும் நைதரசன் வளையத்துக்குத் தெரியாது.

ஒமேகா 1970இல் வெளியிட்ட 'புளோபுறொப்' பூட்டு முறையின் உச்சம். ஒரு பக்கத்திற் பெரிய சிவப்புப் பித்தான். அதனை அழுத்திக்கொண்டாலன்றி வளையம் அசையாது. நிமிட முள்ளோ மணி முள்ளிலும் பன்மடங்கு பெரியது, செம்மஞ்சள் நிறமுடையது. ஏனெனில் வளையத்துடன் உறவாடுவது நிமிட முள் ஒன்றே. பார்வைக்கு அழகில்லாத கடிகாரம். ஆனால் எதற்காகச் செய்யப்பட்டதோ அதனை மறைக்காத கடிகாரம். மறுகோடியில் சோவியத் யூனியனின் வொஸ்தோக் தொழிற்சாலை 1967இல் உருவாக்கிய 'அம்பீபியா'. அதன் வளையத்தில் பற்களும் இல்லை, பூட்டும் இல்லை. இரு பக்கமும் வழுக்கிச் சுழலும். ஒரு கம்பிச் சுருள் மட்டும் பிடித்திருக்கும். கத்தி முனையால் நெம்பிக் கழற்றிவிடலாம். கண்ணாடியும் பின்மூடியும் அழுத்தம் கூடக்கூட மேலும் இறுக அடைத்துக்கொள்ளும்படி அக்கடிகாரத்தை வடிவமைத்த மேதைகள், வளையத்தை ஏன் இப்படி விட்டனர் என்று நான் வியப்பதுண்டு.

ஒரு திசை வளையம் பொது வழக்கானது 1970களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கத்துக்குள். றோலெக்ஸ் சப்மறீனரும் அக்காலத்திற்றான் உராய்வு வளையத்தைக் கைவிட்டது. 1965இல் தனது முதலாவது சுழியோடிக் கடிகாரத்தை இரு திசை வளையத்துடன் வெளியிட்ட சீக்கோவும் காலப்போக்கில் இந்த வழிக்கே வந்தது. இதன் பொறிமுறை மிகவும் எளியது. வளையத்தின் அடிப்புறத்தில் வாட்பற்கள் போன்ற வரிசை. ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. கூட்டின் மேல் ஒரு மெல்லிய உருக்கு வில். சரிவின் மேல் வில் ஏறி இறங்கும்போது 'கிரிக்' என்கிறது. மறுபக்கம் திருகினால் செங்குத்தான பல்லில் முட்டி நிற்கிறது. கிணற்றுக் கப்பி பின்னோக்கி ஓடாமலிருக்கப் போடும் நாக்குக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே.

பூட்டு முறையிலும் பார்க்க இது சிறந்ததா? பூட்டு வளையம் எப்பக்கமும் அசையாது. கொள்கையளவில் அதுவே பூரணமானது. ஆனால் பூட்டு பழுதானால், அல்லது பூட்ட மறந்தால், இரு திசையிலும் தவறலாம். பல்வரிசை முறை சற்று அசைய இடங்கொடுக்கிறது. அசைந்தாலும் உயிர் காக்கும் பக்கமே அசைகிறது. தவறே நேராது என்று வாக்களிக்கும் கருவியைவிட, தவறு நேர்ந்தாலும் கெடுதல் செய்யாத கருவியையே நான் தெரிவுசெய்வேன். இதில் என்னோடு முரண்படும் சுழியோடிகள் உண்டு. புளோபுறொப் கட்டியவர்கள் இலேசில் விட்டுக்கொடுப்பதில்லை.

சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு இவ்விவாதத்தில் நடுநிலை வகித்தது. சுழியோடிக் கடிகாரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தரம் முதலில் 1982இலும், திருத்தங்களுடன் 1996இலும் 2018இலும் வெளிவந்தது. நேரத்தைக் குறித்துவைக்கும் சாதனம் தற்செயலாக அசையாதவாறு காக்கப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் அது கோருகிறது. ஒரு திசையா பூட்டா என்பதை உற்பத்தியாளருக்கே விட்டுவிடுகிறது. இருளில் 25 சென்ரிமீற்றர் தொலைவிலிருந்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் விதி. எனக்குப் பிடித்த விதி இன்னொன்று: ஒரு லீற்றருக்கு 30 கிராம் உப்புக் கரைத்த நீரில் 24 மணித்தியாலம் கடிகாரத்தை ஊறவிட்டு எடுத்த பின்னரும் வளையம் சரிவர இயங்க வேண்டும். கடற்காற்றில் வாழ்ந்தவர்களுக்குத்தான் இவ்விதியின் அருமை புரியும்.

புறக்கோட்டையில் நெடுங்காலம் மணிக்கூடு திருத்திய முதியவர் ஒருவரிடம் ஒருமுறை நல்ல வளையத்தை எப்படி அறிவது என்று கேட்டேன். அவர் மேசையிலிருந்த இரண்டு கடிகாரங்களை எடுத்து என் கையிற் தந்தார். ஒன்று விலை கூடியது, 120 பற்கள். மற்றையது மலிவானது, 60 பற்கள். "ரெண்டையும் திருகாமல் சும்மா ஆட்டிப் பாருங்க தம்பி" என்றார். 120 பற்களுடையது முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரு நிமிட அளவு ஆடியது. 60 பற்களுடையது கல்லுப்போல் நின்றது. அரை நிமிடத்துக்கொரு கிரிக் என்று பெருமை பேசிவிட்டு ஒரு நிமிடம் ஆடினால் அப்பெருமையால் என்ன பயன்? பற்களின் எண்ணிக்கையை விளம்பரத்திற் போட முடியும். ஆட்டத்தைப் போட முடியாது. முக்கோணம் பன்னிரண்டுக்கு நேரே வந்து நிற்கிறதா என்று பார்ப்பதும் அவர் சொல்லித் தந்ததே. அதிலே அரைப் பல் விலகி நிற்கும் கடிகாரங்கள் பெரிய பெயர்களிலும் வருகின்றன.

வளையத்தின் விளிம்பு ஈரக் கையாற் பிடிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். காசின் விளிம்புபோல நுண்ணிய வெட்டுக்கள் பார்வைக்கு அழகு. சோப்புப் பட்ட கையால் திருகிப் பார்த்தால் அதன் தராதரம் தெரியும். ஆழமான பள்ளங்கள் வெட்டிய விளிம்பே கையுறைக்கு உகந்தது. எண்கள் பொறித்த தகடு ஒரு காலத்தில் பேக்லைற், அது வெடித்தது. பின்னர் அலுமினியம்; அது கீறலுறும், வெயிலில் வெளிறும். இப்போது பீங்கான் வகை. கீறாது, வெளிறாது, ஆனால் பலமாக மோதினால் உடைந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை. வெயிலில் வெளிறிச் சாம்பல் நிறமாகிப்போன பழைய அலுமினியத் தகட்டுக்குச் சேகரிப்போர் புதியதிலும் பார்க்க அதிக விலை கொடுக்கின்றனர். 1973இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படமொன்றில் இவ்வளையம் சுழல்வாளாக மாறிக் கயிற்றை அறுத்தது. அதன் பின்னர் வளையத்தின் உண்மையான வேலை என்ன என்று யார் கேட்கப்போகிறார்கள்!

1983இல் அமெரிக்காவிற் சந்தைக்கு வந்த 'ஓர்க்கா எட்ஜ்' என்ற சுழியோடற் கணினி இந்தக் கதையின் போக்கை மாற்றியது. ஆழத்தையும் நேரத்தையும் அதுவே அளந்து, நைதரசன் கணக்கையும் கணத்துக்குக் கணம் போட்டுக் காட்டியது. டொக்ஸா வளையத்தாற் செய்ய முடியாத இரண்டாம் இறக்கத்தின் கணக்கும் அதற்குக் கைவந்தது. இன்று பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்குபவர் எவரும் வளையத்தை மட்டும் நம்பி இறங்குவதில்லை. கணினியின் மின்கலம் செயலிழந்தால் உதவட்டும் என்று மறுகையில் வளையக் கடிகாரம் கட்டுவோர் உண்டு.

ஆனால் கணினியும் இல்லாமல் வளையமும் இல்லாமல் இறங்குபவர்கள் நம் கடலில் இருக்கிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் கடலட்டைக்காகச் சிலிண்டருடன் இறங்கும் இளைஞர்களைச் சொல்கிறேன். ஒரே நாளிற் பல தடவை இறங்குகிறார்கள். கை கால் விறைத்து, நடை தளர்ந்து, தொழிலை இழந்தவர்கள் கரையோரக் கிராமங்களில் உண்டு. மன்னார்ப் பக்கம் அவ்வாறு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் சந்தித்தேன். கீழே எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்னார்: "காத்து முடியிற நேரந்தான் ஐயா மேலை வாற நேரம்." 100 அடியில் 25 நிமிடம் என்ற எண்ணை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. முத்துக்குளித்த முன்னோர் மூச்சை நம்பியதுபோலவே இவர் சிலிண்டரை நம்பினார். மூச்சு எச்சரித்தது, சிலிண்டர் எச்சரிக்கவில்லை. சிலிண்டரை வாடகைக்குக் கொடுத்த முதலாளி, இரண்டாங்கை மலிவுக் கடிகாரமொன்றையும் அட்டவணை எழுதிய மட்டை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று திரும்பி வரும் வழியிற் கணக்குப் பார்த்தேன். பிடித்த அட்டைகளில் ஒரு நாட் பங்குகூட வந்திராது.

கடிகாரம் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. வளையத்தைக் கெடுப்பது ஆழமன்று, உப்பும் மணலும். கடற்குளிப்பு முடிந்ததும் கடிகாரத்தை நன்னீரில் அமிழ்த்தி, நீருக்குள் வைத்தே வளையத்தை இரண்டு முறை முழுச் சுற்றாகத் திருக வேண்டும். கழுவாமல் விட்டால் பற்களுக்கிடையில் உப்புக் கட்டியாகி வில்லை இறுக்கிவிடும். புறக்கோட்டை முதியவரிடம் வந்த கடிகாரங்களில் அரைவாசிக்கு மேல் இந்த நோய்தானாம். இளஞ்சூட்டு நீரில் ஓரிரவு ஊறவைத்து, காலையில் தையலூசியால் உப்பைக் கிளறி எடுத்துவிடுவார். வில் மட்டும் முறிந்திருந்தால் பழைய கடிகாரமொன்றிலிருந்து கழற்றி மாட்டுவார்.